கயிறு கட்டாத வரிசை

"அண்ணே, ரெண்டு வரிசையும் ஒண்ணு போல நிக்குது. என் மூணு வருஷமும் போச்சு!"

பூர்ணிமா அளவுகோலைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். காத்தவராயன் திருதிருவென்று விழித்தார். செடி வாடினால் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். தளதளவென்று வளர்ந்ததற்கு அழுகிற பெண்ணை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் பேக்கிங் ஆள். கம்பெனிக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும் வெள்ளைக் கழிவு மண்ணில் அருகம்புல் கூட முளைக்காது. ஆராய்ச்சி மாணவி பூர்ணிமா அந்த மண்ணையே இருபத்துநாலு தொட்டியில் நிரப்பிக் கற்பூரவள்ளி நட்டு, தண்ணீர் ஊற்ற அவரை ஏற்பாடு செய்திருந்தாள். பன்னிரண்டு தொட்டிக்குச் சிவப்புக் கயிறு. அவற்றுக்கு மட்டும் வாரம் ஒரு முறை கேனில் இருக்கும் மருந்துத் தண்ணீர். மற்ற பன்னிரண்டுக்கும் வெறும் போர் தண்ணீர்.

"நல்லா வளந்தா சந்தோசந்தானேம்மா படணும்?"

"கயிறு கட்டினது மட்டும் வளரணும்ண்ணே. கட்டாதது செத்துப் போவணும்."

"இது என்னாம்மா அநியாயமா இருக்குது!"

அழுகையிலும் பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஆத்தங்கரையில இருக்குற நிலவேம்புக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்குது. அந்தக் கேன்ல இருந்தது அதுதான்."

"பாக்டீரியான்னா சீக்கு குடுக்குற கிருமியாச்சே?"

"எல்லாம் கெட்டது இல்லண்ணே. இது வேர் வழியா உள்ள போயி, தண்டு, இலைன்னு செடி பூரா குடித்தனம் பண்ணும். குடியிருக்குற வூட்டக் காப்பாத்துற மாதிரி செடியக் காப்பாத்தும். இது உள்ள இருந்தா இந்தப் பாழும் மண்ணுல கூட செடி பொழைச்சுக்கும்னு நான் எழுதி வச்சிருக்கேன். இப்ப அது இல்லாத செடியும் பொழைச்சிருக்குது. அப்ப பாக்டீரியா ஒண்ணும் கிழிக்கலன்னுதானே ஆவுது?"

"அதனால என்னாம்மா?"

"பதினோரு மணிக்குப் புரொபசர் வராரு. இதப் பாத்தாருன்னா, வேற தலைப்பு எடுத்து முதல்லேருந்து ஆரம்பின்னு சொல்லிடுவாரு."

காத்தவராயன் முகம் சுருங்கிப் போனது. மணி பத்தரை.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. தெரியாம கேன் தண்ணிய இந்த வரிசைக்கும் ஊத்திட்டீங்களா?"

"கொளஞ்சியப்பர் மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலம்மா."

அதற்கு மேல் பூர்ணிமா கேட்கவில்லை. கொளஞ்சியப்பர் மேல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு இந்த ஊரில் எவனும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அவளுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போய்விட்டது.

"விடுங்கண்ணே. உங்க மேல தப்பில்ல. அம்மா ஆபரேஷனுக்காக ரெண்டு மாசம் மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலேயே கெடந்தேன். வாராவாரம் நீங்க பூத்துலேருந்து போன் பண்ணி, 'செடியெல்லாம் நல்லா இருக்குதும்மா'ன்னு சொன்னப்பதான் எனக்குச் சோறே எறங்கும். கூடப் பொறந்த அண்ணன் கூட அப்படிச் செய்ய மாட்டான்."

அவ்வளவுதான். அந்த வார்த்தையைக் காத்தவராயனால் தாங்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் பாவிம்மா. கேன் தண்ணி ஊத்தலன்னு சொன்னது நெசம். போன்ல சொன்னதுதான் பொய்யி."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நீங்க ஊருக்குப் போன பத்தாம் நாளே கயிறு கட்டாத பன்னெண்டும் கருகிப் போச்சு. சொல்லிடலாம்னுதான் பூத்துக்குப் போனேன். நீங்க 'அம்மா பொழைப்பாங்களான்னு தெரியல'ன்னு ஓன்னு அழுவுறீங்க. அந்த நேரத்துல செடி செத்துப் போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

பூர்ணிமா மெல்ல எழுந்து நின்றாள்.

"எங்க பேக்கிங்ல ஒரு கட்டை ஒடைஞ்சிடுச்சுன்னா, மேஸ்திரி வரதுக்குள்ள பக்கத்துப் பொட்டியிலேருந்து ஒண்ண எடுத்து அந்த எடத்துல வச்சி நெரப்பிடுவோம். ஒடைஞ்சதைத் தூக்கிப் போடாம தனியா வச்சிருப்போம். அந்தப் புத்திதான் இங்கயும் வந்துச்சு. செத்த பன்னெண்டையும் வைக்கோல்ல சுத்தி, தேதி எழுதி, குடோன்ல வச்சிருக்கேன். புரொபசர் வரட்டும், நானே அவரு கால்ல வுழுந்து ஒத்துக்கறேன்."

"அது இருக்கட்டும்ண்ணே." பூர்ணிமா கயிறு கட்டாத வரிசையைக் காட்டினாள். "இப்ப இந்தத் தொட்டியில இருக்குற செடியெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

குனிந்த தலை நிமிராமல் காத்தவராயன் சொன்னார். "வெளிய எங்கயும் வாங்கலம்மா. கயிறு கட்டின ஒவ்வொரு செடியிலயும் ஒரு கிளைய ஒடிச்சி, அதே மண்ணுல சொருவி வச்சேன். வெறும் தண்ணிதான் ஊத்தினேன். எப்படியோ பன்னெண்டும் புடிச்சிக்கிச்சி."

பூர்ணிமா பாய்ந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியோ இல்லண்ணே! மருந்து ஊத்தாத பன்னெண்டும் செத்ததே நான் எழுதினது சரின்னு காட்டுது. ஒடிச்ச கிளைக்குள்ளயே அந்தப் பாக்டீரியாவும் கூட வந்து குடியேறியிருக்குது. நான் அடுத்த மூணு வருஷத்துல கண்டுபிடிக்க வேண்டியத நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க!"