முதல் விசை

"உங்க மாமியாரை நீங்க சரியா கவனிக்கிறதில்லைன்னு பக்கத்து வீட்டுல புகார் குடுத்திருக்காங்க." முதியோர் நலக் குழுவிலிருந்து புத்தூர் வீட்டுக்கு விசாரிக்க வந்த இளவேனில் சொன்னாள்.

ஆனந்தவள்ளி கோபப்படவில்லை. "அத்தைகிட்டயே கேளுங்க மேடம். பக்கவாதத்துல பேச்சு போயி, ஒரு விரல் மட்டும்தான் அசையுதுன்னதும் இந்தக் கீபோர்டை நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

காந்தி மார்க்கெட்டில் கூவிக் கூவிக் காய் விற்ற வேலம்மாளுக்கு இப்போது மடியிலிருந்த அந்தக் கீபோர்டுதான் வாய். மூன்றே விசைகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டித் திரை. அதில் தெரிவதை வேண்டியபடி மாற்றி வைத்துக்கொள்ளலாம். ‘நல்லா இருக்கேன்’, ‘குறை இருக்கு’, ‘சொல்ல விருப்பமில்லை’ என்று எழுத்துகள் ஒளிர்ந்தன. அமுக்கினால் குரலும் வரும்.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. இங்க உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

வேலம்மாள் முதல் விசையை அமுக்கினாள்.

"நல்லா இருக்கேன்" என்றது கீபோர்டு.

அவள் மறுபடி அமுக்கினாள். இன்னும் பலமாக ஒரு முறை. கண்ணீர் வழிந்தது.

"மருமக மேல இவ்வளவு பாசமா!" இளவேனில் நெகிழ்ந்துபோய்ப் படிவத்தை நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து."

"அத்தை பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லைங்க. கைநாட்டுதான்."

பெருவிரலில் மை தடவி உருட்டி வாங்கிக்கொண்டு இளவேனில் கிளம்பினாள்.

கதவைச் சாத்திவிட்டு ஆனந்தவள்ளி செல்போனில் எதையோ தட்டினாள். எழுத்துகள் மறைந்தன. முதல் விசையில், எப்போதும் இருக்கும் தண்ணீர்ச் சொம்பின் படம் திரும்பி வந்தது.

வேலம்மாள் அவசரமாக அதை அமுக்கினாள்.

"தண்ணி வேணும்" என்றது கீபோர்டு.

"நேத்துலேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கு அத்தை" என்றபடி ஆனந்தவள்ளி டிவி சத்தத்தைக் கூட்டினாள்.