ட்ரம் படகு

கம்பெனியில் பாய்லர் வெடித்து சுகிர்தாவின் அண்ணன் எபி செத்துப்போனான். கண்ணீர் அஞ்சலி பேனரில், முன்பே காலமான அப்பாவின் முகத்தையும் மூலையில் வட்டமாகப் போடுவதுதான் அவர்கள் பக்கத்து வழக்கம். அதற்காக வீட்டிலிருந்த பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் லோகுவின் பிளக்ஸ் கடைக்குப் போனாள்.

சோழவரம் ஏரியில் எடுத்த படம். கழித்துப்போட்ட இரண்டு ஆயில் ட்ரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பழைய சைக்கிளைப் பொருத்தி அப்பாவே செய்த படகு அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் குடும்பமே சோறு கட்டிக்கொண்டு ஏரிக்குப் போகும். அப்பா பெடல் மிதிப்பார். தண்ணீர் என்றாலே நடுங்கும் எபி, தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடித்தபடி கரையிலேயே நிற்பான். படத்திலும் இருவரும் அப்படித்தான், கால் நனையாமல் நின்றிருந்தார்கள்.

லோகு படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினான்.

"யக்கா, அப்பா மட்டும் போதும்ல? முன்னாடி சைக்கிள் பார்ல குந்திகினு கீற பையன வெட்டிடட்டா?"

"இன்னா பையன்? படகுல அப்பா மட்டுந்தாம்பா இருப்பாரு."

லோகு மானிட்டரை அவள் பக்கம் திருப்பினான். அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே எபி உட்கார்ந்திருந்தான். கரையில் அவன் நின்ற இடத்தில் கோரைப்புல் மட்டும் இருந்தது.

சுகிர்தா ஸ்கேனரைத் திறந்து போட்டோவை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியேதான் இருந்தது. சைக்கிளின் பின்கேரியர் காலியாகக் கிடந்தது. கவுன் போட்ட சின்ன சுகிர்தா கரையோரம் தனியாக, யாரோ பிடிப்பதற்கு நீட்டியதுபோலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரு கால் தண்ணீருக்குள் இருந்தது.