காம்பஸ் பாடம்

“பாதையில யாரு வேணா போவலாம். பாதையே இல்லாத எடத்துல காம்பஸ பாத்துப் போறவன்தான் கெட்டிக்காரன்!”

கேப்பர் மலை முந்திரித் தோப்புக்குள் மனைவி கனிமொழிக்குப் பாடம் எடுத்தபடி நடந்தான் செம்பியன்.

அரை மணி நேரத்தில் வந்த வழியும் தெரியவில்லை, போகும் வழியும் தெரியவில்லை.

“இப்பிடிக் குடுங்க, நான் பாக்கறேன்.” காம்பஸை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தாள் கனிமொழி.

ஓடை, முட்புதர் எல்லாம் தாண்டி ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

“பாத்தியா, ஒரே நாள்ல கத்துக்குடுத்துட்டேன்!” பூரித்தான் செம்பியன்.

“வாங்க மாப்ள!” வைக்கோலும் கையுமாக எதிரே மாமனார் சாமிக்கண்ணு.

செம்பியன் பல்லைக் கடித்தான். “ஏய், உங்கப்பா வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு பொங்கல் சண்டையிலயே சொன்னேன்ல?”

“அதனாலதாங்க கொல்லப்புறமா கூட்டியாந்தேன்!”