நீல முட்டையில் ஊசி ஓட்டை

"இந்தக் காலத்துல எவன் சும்மா ஒண்ணைக் குடுக்கறான்? தாகத்துக்குத் தண்ணி குடுத்தாக்கூட சொம்பைத் திருப்பிக் கேக்கறானுங்க!"

வெள்ளியங்கிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீல முட்டையை வெயிலுக்கு நேரே பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தார். உள்ளே வெளிச்சம் மங்கலாகப் புகுந்து தெரிந்தது.

"பாத்தியா மயிலா, வெளிச்சம் பூருது. எங்கியோ ஊசியில குத்திப்போட்டுத்தான் குடுத்திருக்கறா. நம்ம ஊட்ல குஞ்சு பொரிக்கக் கூடாதாமா!"

மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பங்காரம்மாவா? நீங்க கேக்காமயே கொண்டாந்து குடுத்தவளுங்க அவ."

"கேக்காமக் குடுத்தா பாரு, அங்கதான் எனக்குச் சந்தேகம்."

நீல முட்டை இடும் கோழி அந்தப் பக்கத்திலேயே பக்கத்து வீட்டுப் பங்காரம்மாவின் பின்புறப் பொடக்காளியில் மட்டும்தான் இருந்தது. ஆனைமலை எஸ்டேட் துரை கப்பலேறிப் போனபோது, அங்கே காவலுக்கு இருந்த அவள் அண்ணன் ஒரு சேவலையும் இரண்டு பெட்டைகளையும் கூடையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது. அதை வேடிக்கை பார்க்க அந்தியூரிலிருந்துகூட ஆள் வந்து போனார்கள்.

வெள்ளியங்கிரிக்கு அந்த இனத்தின் மேல் ஆசை. ராத்திரி புரண்டு புரண்டு படுக்க வைக்கிற ஆசை. ஆனால் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் அப்புறம் ஒருத்தருக்குத் தலையாட்ட வேண்டுமே.

அன்று காலை அவளே வேலிக்கு மேலாக ஐந்து முட்டைகளை நீட்டினாள். "மாமா, உங்க பெட்டை அடைக்குப் படுத்துட்டுதாமுங்க. இதை வெச்சு உடுங்க. எல்லாம் ஒரே எடத்துல கெடந்தா, ஒரு சீக்கு வந்தாப் போதும், விதைக்குக்கூட மிஞ்சாது." சொல்லிவிட்டு உக்கடம் சந்தைக்குக் கிளம்பிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் வெள்ளியங்கிரி வேலி இடுக்கில் கையை விட்டார். அவள் வீட்டுக் கோழிக்கூட்டின் வைக்கோலுக்குள் மூன்று முட்டைகள் கிடந்தன. அதே நீலம்.

வெயிலுக்கு நேரே பிடித்தார். துளி வெளிச்சம் புகவில்லை. கையில் வைத்தால் நல்ல கனம்.

"இது முட்டை! ஊசி படாத முட்டை. நல்லதை அவளுக்கு வெச்சுக்கிட்டு ஓட்டையை நமக்குத் தள்ளியிருக்கறா."

"அப்ப அவ குடுத்த அஞ்சையும் என்னங்க பண்றது?"

"தோசைக்கல்லுல ஊத்து."

"அடைக்குன்னு குடுத்ததைப் போயி…"

"ஊத்துங்கறேன்!"

எடுத்து வந்த மூன்றையும் தன் பெட்டைக்கு அடியில் வைத்தார். அன்றிலிருந்து மனுசனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்ப் பெட்டையைத் தூக்கிப் பார்ப்பார். பங்காரம்மா புருசன் கோவிந்தராஜுலு மதுக்கரையில் வேலை முடிந்து வந்து வேலியோரம் சட்டையை உதறினால் போதும், அந்தச் சிமெண்டுத் தூசி கோழிக்கு ஆகாதென்று சாக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார். ராத்திரி பூனை கத்தினால் தடியோடு போய்க் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பங்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"போச்சுங்க மாமா. வெள்ளைக் கழிச்சல். சேவலு, பெட்டைங்க, குஞ்சுங்க, அத்தனையும் போயிருச்சு. கடைசிப் பெட்டையை இப்பத்தான் குழி தோண்டிப் பொதைச்சுப்போட்டு வாரேன். உங்களுக்குக் குடுத்த முட்டைங்கதான் இனி அந்த இனத்துக்கே மிச்சம்."

வெள்ளியங்கிரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைக்கு மட்டும் கையை விட்டு மாற்றாமல் இருந்திருந்தால் இந்த இனம் என்ன ஆகியிருக்கும்!

"அழுவாதே அம்மணி. பொரிச்சதும் சேவல் ஒண்ணு, பெட்டை ஒண்ணு நானே உனக்குத் தாரேன்." பிறந்ததிலிருந்து அவர் யாருக்கும் எதுவும் தருவதாகச் சொன்னதில்லை. மயிலாத்தாள் திரும்பி நின்றுகொண்டாள்.

அவர் பெட்டையை மெதுவாகத் தூக்கினார். அடியில் மூன்று நீல முட்டைகள்.

பங்காரம்மாவின் அழுகை நின்றது. ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மிக்கல்லின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

'டொக்' என்றது. நீலம் பொட்டாக உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிறம்.

"மாமா, இது எங்க ஊட்டுக்காரரு சிமெண்டுல புடிச்ச முட்டைங்க. கோழி புதர்ப்பக்கம் போகாமக் கூட்டுலயே வந்து இடட்டும்னு, துணி நீலத்தைக் கலக்கிப் பூசி வெச்சிருந்தேன். எந்தக் கீரி தூக்கிட்டுப் போச்சோன்னு இத்தனை நாளாத் தேடறேன்." அவள் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள். "நான் குடுத்த அஞ்சும் எங்கீங்க?"

மயிலாத்தாள் சுவரில் சாய்த்து வைத்திருந்த தோசைக்கல்லைப் பார்த்தாள். பங்காரம்மாவும் அதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளியங்கிரி அவள் கையிலிருந்த முட்டையை வாங்கினார். உதிர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அதைத் திரும்பவும் பெட்டையின் அடியில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி நடந்தார்.

"ஓடு கொஞ்சம் கெட்டி, அம்மணி. பொரிக்க நாளாகும்."