முன் சீட்டு

ஆக்செல் தோர்சன் இன்றைக்குத் தப்ப மாட்டார் என்று மாடிப்படியில் அவரை இறக்கும்போதே வெர்னனுக்குத் தெரிந்துவிட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு, குளிரில் பழைய டிராக்டரைக் கிளப்புவது போல இழுத்து இழுத்து வந்தது.

அந்தக் கனத்த உடம்பை ஸ்ட்ரெச்சரோடு தூக்கிப் பனியில் நடந்து வண்டியில் ஏற்றுவதற்குள் அப்பாவுக்கும் மகனுக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. அப்பா எமில் ப்ரூனிங் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். இடது கையை உதறினார்.

“என்னப்பா?”

“கையுறைய மறந்துட்டு வந்துட்டேன். குளிர்ல கை மரத்துப்போச்சு. நீ வண்டிய எடுடா.”

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில், எமிலிடம் கட்டில் வாங்காமல் தப்பியவர்கள்கூடக் கடைசியில் பெட்டி வாங்கியே ஆகவேண்டும். கடையின் முன்பக்கம் சோபா, மேசை, நாற்காலி; பின்பக்கம் சவப்பெட்டி. இருந்த ஒரே நீளக் கறுப்பு வண்டியில் சிவப்பு விளக்கைப் போட்டால் ஆம்புலன்ஸ், அணைத்தால் சாவு வண்டி. அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க அப்படித்தான்.

வண்டி கிளம்பியது. ஓட்டுபவனுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது.

“எமில், என்னை அளந்துட்டியா?” என்றார் ஆக்செல், திரைக்குப் பின்னாலிருந்து.

“போன வருஷமே அளந்தாச்சு. நீதான் வந்து படுக்க மாட்டேங்குற.”

“சின்னவனே, கேட்டியா? உங்கப்பன் என்னைச் சிரிக்கவெச்சே கொன்னுடுவான்.” வெர்னனைச் ‘சின்னவனே’ என்று கூப்பிடுவது ஊரிலேயே ஆக்செல் ஒருவர்தான்.

நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டே போவது எமிலின் வழக்கம். ஊரில் பாதிப் பேருடைய கையை அவர் பிடித்திருக்கிறார். தன் கையைப் பிடித்ததாக மட்டும் வெர்னனுக்கு ஞாபகமே இல்லை. அந்த ஆத்திரம் இந்த வயதிலும் அவனுக்குத் தீரவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. வழியிலேயே உயிர் போய்விட்டால், ‘செத்துட்டார்’ என்று எமில் வாயால் சொல்ல மாட்டார். முன் சீட்டில் அந்த வீட்டு ஆள் யாராவது உட்கார்ந்திருப்பார்களே! “விளக்க அணைச்சிடு” என்பார், அவ்வளவுதான். அப்புறம் வண்டி மெதுவாகப் போகும். முந்தின குளிர்காலத்தில் ஆக்செலின் மனைவி இதே வண்டியில்தான் போய்ச் சேர்ந்தாள். முன் சீட்டில் இருந்த ஆக்செல், அந்தச் சொல்லைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இன்று முன் சீட்டு காலி. அழுவதற்கு ஆக்செலுக்கு நாதி இல்லை.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைக் காட்டிக்கொண்டாவது சொல்லிவிடலாம் என்று வெர்னனுக்குத் தோன்றியது. எத்தனை நாள்தான் மென்று முழுங்குவது?

“அப்பா, எனக்கு டென்வர்ல வேலை கெடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறேன்.”

“அப்போ கடை?”

“கடை எனக்கு வேண்டாம்பா. பொணத்துக்கு டை கட்டிக்கட்டியே உங்க காலம் போச்சு. என்னோட ஒரு பிறந்தநாளுக்காவது வீட்ல இருந்தீங்களா? அம்மா கண்ண மூடறப்போகூட யாரு வீட்டுப் பெட்டியவோ குழில இறக்கிட்டு இருந்தீங்க. நான் உங்கள மாதிரி ஆக மாட்டேன்.”

“நீ பொறந்த அன்னிக்கே ‘ப்ரூனிங் அண்ட் மகன்’னு போர்டு எழுதிட்டேன்டா.” எமிலின் குரல் கம்மியது.

“யாரு எழுதச் சொன்னா?”

பதில் இல்லை.

அறுத்த சோளக்கட்டைகளின் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரி சிவப்பு விளக்கைப் பார்த்து ஓரம் கட்டியது. வெர்னன் இன்னும் அழுத்தி ஓட்டினான். அப்பாவுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், வாயைத் திறக்கவே மாட்டார்.

பின்னால் ஆக்செல் ஏதோ முனகினார். சாலைச் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது. சாகப்போகிற மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இதையெல்லாம் பேசினோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“அப்பா, திட்டறதுன்னா திட்டிடுங்க. இப்படி உம்முனு இருக்காதீங்க.”

அதற்கும் பதில் இல்லை. தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் நர்ஸ், டாக்டர் என்று ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். அப்புறம் அப்பா இந்தப் பேச்சைச் செத்தாலும் எடுக்க மாட்டார்.

“சரிப்பா,” என்றான் வெர்னன். “நான் எங்கயும் போகல. கடையிலேயே கெடக்கேன். போர்டு அப்படியே இருக்கட்டும். போதுமா?”

சொல்லி முடித்ததும் அழுகை முட்டியது. இனி ஆயுசுக்கும் இந்த ஊர், இந்தக் கறுப்பு வண்டி.

திரை அசைந்தது. கை ஒன்று வந்து அவன் தோளைத் தொட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக! வெர்னன் திரும்பிப் பார்க்காமலே அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இழுத்து இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் காதருகே கேட்டது.

“சின்னவனே… விளக்க அணைச்சிடு.”