பேர் பதிஞ்சாச்சு

பதுளைக்குக் கச்சேரி செய்ய வந்த பியானோ மேதை யோகமலர் அம்மா, நமுனுகுல மலைத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்துக்கும் வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இசை கற்பிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுகிறவர் அவர். மேசையில் சுண்ணக்கட்டியால் பியானோக் கட்டைகளை வரைந்து விரலோட்டிக் காட்டினார். மாணவி செவ்வந்தி அப்படியே செய்தாள்.

"என்ன வேகமான விரல்!" தாய் பேச்சாயியிடம் அவர் வியந்தார். "இப்பவே பழக்க வேணும். வீணாக்கக் கூடாதெண்டு தோட்டத் துரையிட்டயும் சொல்லிப்போட்டன்."

அன்று முதல் பேச்சாயி மகளைக் கரிச்சட்டி தொடவிடவில்லை. கொழுந்துக் கறையேறிய தன் விரல்களால் அவள் விரல்களுக்கு எண்ணெய் தடவினாள்.

அடுத்த வாரம் கங்காணி அவர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார்.

"ஒம் மகளுக்குப் பேர் பதிஞ்சாச்சு. தொரையே சொல்லிட்டாரு."

பேச்சாயிக்குக் கண் நிறைந்தது. "படிக்க எங்கங்க அனுப்பணும்? பதுளைக்குங்களா, கொழும்புக்குங்களா?"

"படிக்கவா?" கங்காணி சிரித்தார். "இவ்வளவு வேகமான வெரலு பள்ளிக்கூடத்துல வீணாப் போகுதேன்னுதான் தொரை வேலைக்குப் பேர் பதியச் சொன்னாரு. காலையில பெரட்டுக்கு அனுப்பு, வேலை பிரிச்சுக் குடுப்பாங்க. கொழுந்துக் கூடை நான் தாறேன்."

கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றும் தன் படங்குச் சாக்கை எடுத்து, பேச்சாயி மகளின் இடுப்பளவுக்குக் கிழித்தாள்.