அவரவர் விருப்பம்

“இந்த வீட்டுல யாரும் யாரையும் விரட்டுறது கிடையாது. அவங்கவங்க நாளை அவங்கவங்களே நடத்திக்கலாம்” என்று கூடத்தில் நண்பர்களிடம் முழங்கினார் அவர். ‘விடுதலை’ என்று சொல்லி மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய நாள் முதல் இதே முழக்கம்தான். கதவோரம் நின்று கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

நண்பர்கள் கிளம்பியதும் மெல்ல உள்ளே வந்தாள்.

“ஒண்ணு கேக்கலாமா?”

“கேளேன். இங்க என்ன தடை?”

“நான் ஸ்கூலுக்குப் போகணும்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அவனவன் எப்படா வெளிய வருவோம்னு தவிக்கிறான், நீ உள்ள போறேங்கிறியே! மணியடிச்சா உக்காரணும், மணியடிச்சா எழுந்திருக்கணும். அதெல்லாம் ஒரு பொழப்பா?”

“அவங்கவங்க விருப்பம்னு இப்பதானே சொன்னீங்க?”

“வாய்க்கு வாய் பேசாதே. வேணுங்கிறதை வீட்டுலயே கத்துக்கோ.”

“பத்தாவது பரீட்சை எழுதணும்னு ஆசையா இருக்கு.”

“பரீட்சையாம் பரீட்சை! யார் உன் மனசைக் கெடுத்தது?”

சோபாவில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள்.

“சாயங்கால வகுப்புதானேப்பா? அம்மா போகட்டுமே, பாவம்.”

“நீ சும்மா இரு. உங்கம்மா போயிட்டா ராத்திரிச் சோறு வானத்துலேருந்து விழுமா?”

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். பத்தாவது பாதியில் புத்தகப் பையைப் பிடுங்கி வைத்துவிட்டு இவருக்குக் கட்டிவைத்தபோது, அதற்குப் பெயர் விடுதலை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.